புதன்கிழமைக் கவுன்சிலர்

2.7, புதன்

முதலில் ஒரு மானக்கேட்டை எழுதிவிடுகிறேன். போன வியாழக்கிழமை, ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வேலாயுதம் சாரின் இடுப்பை அளந்துகொண்டிருந்தபோது, அவர் வயிற்றிலேயே முகத்தைப் புதைத்து மயங்கிவிட்டேன். டேப் அவரைச் சுற்றி இருந்தது, என் கை டேப்பைச் சுற்றி இருந்தது. தெருவில் போனவர்கள் நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுவதாக நினைத்தார்களாம். "நாப்பத்தி நாலுன்னு பாத்ததும் தவசி டெய்லருக்கு அதிர்ச்சியாயிருச்சு" என்று ஒரு பேச்சு இப்போது தெருவில் ஓடுகிறது. ஓட்டிவிட்டவன் நான்தான். நம்மைப் பற்றிய கேலியை நாமே ஆரம்பித்துவிட்டால் அடுத்தவனுக்கு வேலை மிச்சம்.

அதற்காக இன்று பெரியாஸ்பத்திரி. டாக்டர் ரத்தம் பார்த்த காகிதத்தைப் படித்தார், பிறகு என்னைப் படித்தார்.

"வாந்தி, பேதி ஏதும் உண்டா?"

"இல்ல சார்."

"ரத்தத்துல ஒரு உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. இன்னும் குறைஞ்சா நெஞ்சு திடீர்னு நின்னுரும். விளையாட்டு இல்ல. மருந்து எழுதியிருக்கேன். அப்படியே கவுன்சிலரைப் பாத்துட்டுப் போங்க."

எனக்கு விளங்கவில்லை. உப்பு குறைந்தால் எங்கள் வார்டு கவுன்சிலர் சொர்ணப்பன் என்ன செய்வார், ரேஷனில் சொல்லி வாங்கித் தருவாரா? அதை டாக்டரிடமே கேட்டுவிட்டேன். நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பதினாலாம் நம்பர் அறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே இருபத்தெட்டு வயதில் ஒரு பெண், பெனிட்டா மேடம். மனசு சரியில்லாதவர்களிடம் பேசுகிற வேலையாம். அவருக்கும் பெயர் கவுன்சிலர்தான். யாரும் ஓட்டுப் போடவில்லை, ஆனாலும் நல்ல மாதிரி.

புதன்தோறும் வரவேண்டும். தினமும் என்ன சாப்பிட்டேன், பிறகு என்ன செய்தேன், மனசு எப்படி இருந்தது என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். "நான் அஞ்சாப்பு வரைதான் படிச்சேன் மேடம்" என்றேன். "அளவு எழுதுறீங்கல்லண்ணே, அது மாதிரி எழுதுங்க" என்றார். ஆகவே அளவு நோட்டிலேயே எழுதுகிறேன். முன்பக்கம் ஊரார் இடுப்பு, பின்பக்கம் என் வயிறு.

3.7, வியாழன்

காலை: டீ, சீனி இல்லாமல்.
மதியம்: விரதம்.
மூன்று மணி: கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேசாக டிபன். பரோட்டா, பன், காராச்சேவு, காலையில் மிஞ்சிய இட்லி, ஒரு பாக்கெட் ரஸ்க். பரோட்டாக் கடையில் "விருந்தாளியாண்ணே?" என்று கேட்டார்கள். "ஆமா, அடிக்கடி வருவாரு" என்றேன்.
பிறகு: பல் விளக்கினேன்.
மனசு: நன்றாக இருக்கிறது.

என் மனைவி ராஜகனி நாலரைக்குத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்தாள். கடை வீட்டின் முன்னறைதான் என்பதால் அவள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

"நேத்து ஆஸ்பத்திரியில என்ன சொன்னாக?"

"வெயில்தானாம். கவுன்சிலரைப் பாக்கச் சொன்னாக. புதன்கிழமை புதன்கிழமை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல காரியம்! தெருக்குழாயில தண்ணி வந்து மூணு வாரமாச்சு. நீங்களாவது போய் நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேளுங்க."

நான் பொய் சொல்லவில்லை. அவளாகவே வெட்டி அவளாகவே தைத்துக்கொண்டாள். நான் பட்டன் மட்டும் வைத்தேன்.

7.7, திங்கள்

விரதக் கணக்கை மேடத்துக்காக எழுதிவைக்கிறேன். திங்கள் சிவனுக்கு. செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு. வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. புதனும் ஞாயிறும் சாமிகள் எனக்கு லீவு விட்டிருக்கிறார்கள். என் பெயர் தவசிலிங்கம் என்பதால் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ராஜகனிக்கு என்மேல் தனிப் பக்தியே உண்டு. தீப்பெட்டி ஆபீசில் மற்றப் பெண்களின் புருஷன்மார் குடிக்கிறார்கள். அவள் புருஷன் கும்பிடுகிறான்.

இரவுச் சாப்பாடு அவளோடு. நன்றாகச் சாப்பிட்டேன். பல் விளக்கினேன்.

காலையில் என் இடுப்பையும் அளந்தேன். தினமும் அளப்பேன். அளவு எழுத மாட்டேன். பேண்டை இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடித்துத் தைத்தேன். உள்ளே இரண்டு பனியன் போட்டால் சட்டை அழகாக நிற்கிறது.

9.7, புதன்

மேடம் நோட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் நடுநடுவே நாலைந்து நகைச்சுவை விட்டேன். சிரிக்கவில்லை. சிரிக்காத ஆளைக் கண்டால் எனக்குக் கை கால் ஓடாது.

"ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் பல் விளக்குறீங்களேண்ணே. பல் டாக்டரே அவ்வளவு விளக்க மாட்டாரு."

"சுத்தம் மேடம்."

"அதுவும் சாப்பிட்ட கையோட."

"சோம்பல் படமாட்டேன்."

என் வலது கையைக் காட்டச் சொன்னார். விரல் முட்டியில் உள்ள தழும்பைப் பார்த்தார். ஊசி குத்தியது என்றேன். "தையக்காரருக்கு ஊசி விரல் நுனியிலதான குத்தும்? இது பல்லு பட்ட தழும்பு" என்றார்.

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு காகிதத்தில் வியாதியின் பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து விளக்கினார். எனக்கு இங்கிலீஷ் எக்ஸ்எல் வரைதான் தெரியும். "இது சினிமாவுல நடிக்கிற பொண்ணுங்களுக்கு வர்றதில்ல மேடம்? நான் மீசை வச்சிருக்கேனே" என்றேன்.

"மீசை வச்சவங்களுக்கும் வரும்ண்ணே. அவங்க சொல்றதில்ல, அவ்வளவுதான். வெயிலுன்னுவாங்க, கேஸ்ட்ரிக்னுவாங்க, விரதம்னுவாங்க. இதே அறையில போன மாசம் ஒரு போலீஸ்காரர் வந்தாரு."

அடுத்த முறை வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரச் சொன்னார். தனியாக இதிலிருந்து வெளியே வருவது கஷ்டமாம். அதுவரை நெஞ்சு பொறுத்திருக்குமா என்பதை அவரால் சொல்ல முடியாதாம்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த ராஜகனி வாசலிலேயே நின்றாள். "கவுன்சிலர் என்ன சொன்னாரு?"

"வீட்டுல உள்ளவுகளையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"என்னையா? எதுக்கு?"

அவள் கண்ணைப் பார்த்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மனுவுல கையெழுத்துப் போடத்தான். அவசரமில்ல, மெதுவாப் போவோம்."

12.7, சனி

மிஷின் மிதிக்கும்போது நெஞ்சு ஒரு தையல் விட்டுத் தைத்தது. எண்ணெய் போட்டேன். மிஷினுக்கு.

16.7, புதன்

"அக்கா வரலையா?" என்றார் மேடம். ராஜகனிக்கு வேலை அதிகம் என்றேன்.

இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். நாற்காலிக் கதையைச் சொன்னேன். நான் நூறு இடத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கிய கதை. நாலு வருஷத்துக்கு முன் மச்சானின் புது வீட்டுப் பால்காய்ப்பு. அப்போது நான் நல்ல பருமன். பந்தியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு காலும் நாலு திசைக்குப் போய்விட்டது. இலையோடு, பாயசத்தோடு, நான் தரையில். ஒரு பொடிசு "மாமா வெடிச்சிட்டாரு" என்று கத்தியது. பந்தியே சிரித்தது. நான் படுத்தபடியே "இன்னொரு நாற்காலி கொண்டாங்கப்பா, பாயசம் பாக்கியிருக்கு" என்றேன். இன்னும் சிரித்தார்கள். யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். ஆறு மாசத்துக்கு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனிலும் நான் விழுந்துகொண்டே இருந்தேன்.

மேடம் இதற்கும் சிரிக்கவில்லை. "அன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன செஞ்சீங்க?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கதை பாயசத்தோடு முடிந்துவிடும்.

"பல் விளக்கினேன்" என்றேன்.

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். என் கண்ணில் தூசி. ஆஸ்பத்திரியைச் சரியாகப் பெருக்குவதில்லை.

18.7, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் ராஜகனி பின்னால் நின்றதால் இரண்டு சொம்பு குடிக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், நாலு வருஷமாக வெள்ளி விரதம் இருக்கிற மனுஷன் என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கால் கூசியது.

அதன் பிறகு செய்ததை எழுதவில்லை. எழுதினால் மேடம் கண்டுபிடித்துவிடுகிறார்.

23.7, புதன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மேடம் இன்று கொஞ்சம் கோபமாக இருந்தார். மறுபடி ரத்தம் எடுத்திருந்தார்கள். உப்பு ஏறவில்லை. மருந்தை விழுங்கி மருந்தையும் வெளியே தள்ளினால் எப்படி ஏறும்? "அடுத்த வாரம் அக்கா வரலைன்னா நானே உங்க வீட்டுக்கு வர்றேன்ண்ணே" என்றார்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ராஜகனி வீட்டில் இருந்தாள். புதன்கிழமை அவள் அந்நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டாள். கடையில் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்குப் போகலையா கனி?"

"தலவலி. கவுன்சிலரைப் பாத்தீகளா?"

"பாத்தேனே. இன்னைக்கு நல்ல மூடுல இருந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. 'தவசி, உன் தெருவுக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன்'னு தோள்ல கையப் போட்டுச் சொன்னாரு."

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"வெள்ளைதான். வேற என்ன போடுவாரு?"

"தெருப் பொம்பளைங்க எல்லாம் குடத்தை எடுத்துக்கிட்டு இன்னைக்கு அவரு வீட்டுக்குப் போனோம். நீங்க அங்க இருப்பீகன்னு நான்தான் எல்லாத்தையும் கூட்டிட்டுப் போனேன். பத்து மணியிலருந்து பன்னெண்டு மணி வரைக்கும் சொர்ணப்பன் வீட்டு நடையிலதான் உக்காந்திருந்தேன்." குரலை உயர்த்தவே இல்லை. "'எங்க வீட்டுக்காரரு வாரா வாரம் வந்து காவக் கெடக்காரு, நீங்க கண்டுக்கிறதே இல்ல'ன்னு அத்தனை பேருக்கு முன்னால சத்தம் போட்டேன். 'தவசி டெய்லரா? அவரு மூஞ்சியப் பாத்து ஆறு மாசமாச்சேம்மா'ங்கறாரு. எல்லாவளும் என்னையப் பாக்குறாளுக."

நான் சிரித்துவிட்டேன். என் வாய் அப்படி.

"சிரிக்காதீக. யாரு அவ?"

சத்தியமாக எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பொம்பளை விவகாரம் என்றே இருக்கட்டும். அது ஆம்பளைக்கு வருகிற வியாதிதான். ஊரில் நாலு பேர் திட்டுவார்கள், இரண்டு பேர் பொறாமைப்படுவார்கள். மற்றதைச் சொன்னால் என்னவென்று சொல்வார்கள்?

"பேரு என்ன?"

"பெனிட்டா."

"வயசு?"

"இருபத்தெட்டு."

எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தட்டியாவது இருப்பேன்.

24.7, வியாழன்

பேச்சு இல்லை. தட்டில் சோறு இருந்தது. வியாழன் என்பதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன், அவள் பார்க்கட்டும் என்று. அவள் பார்க்கவில்லை.

பல்.

25.7, வெள்ளி

வேலாயுதம் சார் வந்து "மயக்கமெல்லாம் போயிருச்சா, மறுபடி கட்டிப்பிடிப்பீரா?" என்றார். பதிலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. மத்தியானம் நெஞ்சு இரண்டு தையல் விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

26.7, சனி

காலையில் ராஜகனி பையில் சேலைகளை அடுக்கினாள். கோவில்பட்டியில் அவள் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "தெரியல" என்றாள். பத்தரை பஸ்.

நான் கடையில் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டைக்கு ஒன்பது காஜா எடுத்திருக்கிறேன், ஆறு போதும். அவள் பையோடு என்னைத் தாண்டிப் படியிறங்கினாள். அவள் போய்விட்டால் மதியம் ஷட்டரை முழுதாக இறக்கலாம், நாள் முழுதும் இறக்கலாம், கேட்க ஆள் இல்லை. அந்த எண்ணம் எனக்குள் சந்தோஷமாக எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். மயக்கத்துக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை.

"கனி."

நின்றாள். நோட்டை நீட்டினேன்.

"பின்பக்கத்திலருந்து படி."

அவள் எட்டாவது வரை படித்தவள். பையைக் கீழே வைக்காமலே நின்றபடி படித்தாள்.

"பல் விளக்கினேன், பல் விளக்கினேன்னு... என்னங்க இது?"

அதை வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "நீ ஆக்கிப் போடுறது எதுவும் எனக்குள்ள தங்கல கனி. நான்தான் தங்கவிடல. விரலை விட்டு... எடுத்துருவேன். பாத்ரூம்ல. மேடம் ஆஸ்பத்திரிக் கவுன்சிலர். வேற ஒண்ணுமில்ல."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"விரதம்?"

"சும்மா."

"அஞ்சு சாமியும் சும்மாவா?"

"சாமிகளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் பையை இறக்கி வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாத்ரூம் குழாய் அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. மாசத்துக்கு ஒருக்கா நான்தான கம்பி விட்டுக் குத்துனேன். பக்கத்து வீட்டுக்காரி சோத்தைக் கொட்டுறான்னு அவகூடச் சண்டை போட்டேன். ரெண்டு வருஷமா அவகூடப் பேச்சு கெடையாது." என் பக்கம் திரும்பினாள். "அது என் சோறா?"

"ஆமா."

"என் சமையல் பிடிக்கலையா?"

"பிடிக்கிறதுதான் கனி கஷ்டமே."

பத்தரை பஸ் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் போய்ச் சுவரில் காலண்டரைப் பார்த்தாள். "புதன்கிழமைக்கு நானும் வாரேன்" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

30.7, புதன்

பெனிட்டா மேடத்தை ராஜகனி மேலும் கீழும் பார்த்தாள். "இவுகதானா? சின்னப் பிள்ளையா இருக்கு" என்றாள். உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரு செத்துருவாரா?"

"இப்படியே போனா ஆபத்துதான்க்கா. அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

"நாலு வருஷமாப் பக்கத்துலயே படுத்திருக்கேன், எனக்குத் தெரியலையே. நான் என்ன பொம்பளை?"

"அண்ணன் உங்களைச் சிரிக்க வச்சுக்கிட்டே இருந்திருப்பாரு."

ராஜகனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இனி மூன்று வேளையும் மணி பார்த்துச் சாப்பாடு. விரதம் கூடாது. அளவு டேப்பை என் இடுப்பில் வைக்கக் கூடாது. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் பாத்ரூம் பக்கம் போகாமல் ராஜகனி பக்கத்தில் உட்கார வேண்டும். வாரம் ஒருமுறை ரத்தம். அடுத்த மாதம் மதுரையில் பெரிய டாக்டர். என்றைக்காவது வழுக்கிப் பழையபடி செய்துவிட்டால் மறைக்காமல் எழுத வேண்டும், வழுக்கத்தான் செய்யும் என்றும் சொன்னார்.

"சாமிககிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள் ராஜகனி. வெளியே வரும்போது மெதுவாக, "இந்தப் பிள்ளைகிட்டயே தெருக்குழாயச் சொன்னா என்னங்க? பேசுற விதத்தைப் பாத்தா இதுவே செஞ்சு குடுத்துரும் போல" என்றாள்.

31.7, வியாழன்

காலை: இரண்டு இட்லி. உட்கார்ந்தேன்.
மதியம்: சோறு, ரசம். நாற்பது நிமிஷம் உட்கார்ந்தேன். போன் அடிக்கிறது என்று எழுந்து போனேன். போன் அடிக்கவில்லை.
வேலைக்கு லீவு போட்டிருந்த ராஜகனி பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றாள்.
மனசு: நன்றாக இல்லை. இதை எழுதிவிட்டேன்.

3.8, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ராஜகனி புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் ஆக்கினாள். சரியாக ஒரு மணிக்குக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் அந்தோணி சாருடைய வெள்ளைப் பேண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து போனேன். சுதந்திர தின அணிவகுப்புக்காக அவர் தைக்கக் கொடுத்தது.

சாப்பிட்டேன். இரண்டும் சாப்பிட்டேன். ராஜகனி அடுக்களைத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாத்ரூம் கதவு எதிரேதான். வயிறு கல் மாதிரி. கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் புளிச்சோறு கொடுத்தாளாம். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாளாம். "வாங்கிட்டாள்ல, அது போதும்" என்றாள்.

நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் எனக்கு ஒரு வாடை வந்தது.

"கனி, ஏதோ கருகுது."

"அடுப்பை அணைச்சாச்சு. உக்காருங்க."

"துணி கருகுற வாடை. நிசமாத்தான்."

"வியாழக்கிழமை போனுன்னீக. நேத்து கஸ்டமருன்னீக. இன்னும் பதினஞ்சு நிமிஷம்." கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாலு வருஷத்தில் நான் சொன்ன உண்மைகள் கொஞ்சம். அவள் நம்பவில்லை என்று சண்டை போட எனக்கு யோக்கியதை இல்லை. உட்கார்ந்தேன். பதினைந்து நிமிஷமும் உட்கார்ந்தேன். மணி இரண்டேகால். சோறு உள்ளேயே இருந்தது.

இருவருமாகக் கடைக்குப் போனோம். இஸ்திரிப் பெட்டி பேண்டின் இடது முழங்காலில், வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்தபோது முழங்காலும் கூடவே வந்தது. அடியில் விரித்த கம்பளிக்கும் அதே ஓட்டை. ராஜகனி "நிசமாத்தான் சொல்லியிருக்கீக" என்றாள்.

அந்தோணி சார் நாலு மணிக்கு வந்தார். அதற்குள் பேண்டின் இரண்டு காலையும் முழங்காலுக்கு மேலே வெட்டி மடித்துத் தைத்து அரைக்கால் டிரவுசராக்கியிருந்தேன். போட்டுப் பார்த்தார். இடுப்பு சரியாக இருந்தது.